தொழிற்சங்கம் எதுக்கு? மதுரையில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

நலவாரிய விண்ணப்பம் எழுதிக் கொடுப்பதற்காக ஞாயிறுதோறும் செல்லூரில் ஒரு தையல் கடை மாடியில் உட்காருகிறேன். கொத்தனார், சித்தாள், ஜவுளிக்கடைப் பெண்கள், ஆட்டோ ஓட்டுபவர்கள், கல்லூரிப் பிள்ளைகள் என்று பலரும் வருகிறார்கள். விண்ணப்பம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். அப்புறம் பேச்சு ஒரு மணி நேரம் ஓடும். ஆள்தான் மாறுகிறார்களே தவிர, சந்தேகம் பெரும்பாலும் ஒன்றுதான். அதனால் கேள்விகளை அவரவர் கேட்டபடியே எழுதி, பதிலையும் எழுதி வைத்திருக்கிறேன். என் அப்பா நூற்பாலைத் தொழிலாளி. சங்கம் போட்ட ஒப்பந்தத்தில் வந்த சம்பளத்தில்தான் நாங்கள் படித்தோம். நான் எந்தப் பக்கம் நின்று பேசுகிறேன் என்பது தெரிந்தே படியுங்கள்.

1. சங்கம்னாலே ஸ்டிரைக்தானே? வேற என்ன செய்யுது?

வேலைநிறுத்தம் கடைசியில் எடுக்கிற ஆயுதம். வருடம் முழுக்க நடப்பது வேறு வேலை. சம்பளத்தில் பிடித்த பி.எஃப். பணம் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மெஷினில் கை மாட்டியவரை இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குக் கூட்டிப் போக வேண்டும். சில வருடங்களுக்கு ஒருமுறை நிர்வாகத்தோடு உட்கார்ந்து கூலி ஒப்பந்தம் பேச வேண்டும். தீபாவளிக்கு முன்னால் போனஸ் பேச வேண்டும். போனஸ் சட்டம் குறைந்தது 8.33 சதவீதம், அதிகம் 20 சதவீதம் என்று வைத்திருக்கிறது. 8.33 என்பது வருடச் சம்பளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது ஒரு மாதச் சம்பளம். அதற்கு மேல் எவ்வளவு என்பது பேசுகிறவர்களின் பலத்தைப் பொறுத்தது.

இதெல்லாம் செய்தியில் வராது. கொடி பிடித்து வாசலில் உட்கார்ந்தால்தான் படம் எடுப்பார்கள். அதனால்தான் சங்கம் என்றால் ஸ்டிரைக் என்று மனசில் பதிந்துவிட்டது.

2. நல்ல முதலாளியா இருந்தா தனியா போய்க் கேட்டாலே தருவாரே. எதுக்குக் கூட்டமா போகணும்?

தருவார், உங்களுக்கு மட்டும். அடுத்த மாதம் மனசு மாறினால் தர மாட்டார். நல்ல மனசை நம்பி வாங்கியது நல்ல மனசோடு போய்விடும். அவர் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. ஒரு ஆள் வேலைக்கு வராவிட்டால் முதலாளிக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு நஷ்டம். வேலை போனால் உங்களுக்கு முழு நஷ்டம், அன்றைக்குச் சாயங்காலமே அடுப்பு எரியாது. அவரால் காத்திருக்க முடியும், உங்களால் முடியாது. இந்த நிலையில் இரண்டு பேரும் பேசிக் கூலி முடிவு செய்தால் அது எந்தப் பக்கம் சாயும் என்று உங்களுக்கே தெரியும்.

வயலை நினைத்துப் பாருங்கள். நாற்றுப் பறித்துக் கட்டி வைத்தாகிவிட்டது, தண்ணீரும் கட்டியாகிவிட்டது, இரண்டு நாளில் நட்டே ஆக வேண்டும். அப்போது ஒருத்தி மட்டும் கூலி கூடக் கேட்டால், "சரி, நீ வர வேண்டாம்." இருபது பேரும் ஒரே தொகை சொன்னால் வரப்பில் நின்று பேசித்தான் ஆக வேண்டும். அழகர்கோயில் பக்கம் பில்லுச்சேரி சின்னப்பிள்ளை அம்மாள் இப்படி நடவு, அறுப்புக்குப் போகிற பெண்களின் கொத்துத் தலைவியாக இருந்து கூலி பேசியவர். எழுதப் படிக்கத் தெரியாது. அந்தத் தலைமைதான் பிறகு களஞ்சியம் மகளிர் சேமிப்புக் குழுக்களில் அவரை முன்னால் நிறுத்தியது. 2001-இல் விருது கொடுத்தபோது பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019-இல் பத்மஸ்ரீ வந்தது. காலைத் தொட்ட படம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. அதற்கு முன்னால் வரப்பில் நின்று கூலி பேசிய வருடங்களைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

3. இதெல்லாம் மெட்ராஸ், பம்பாய் கதை. கோயில் ஊருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

மதுரை கோயில் ஊர் மட்டுமில்லை, மில் சங்கு ஊதி விழித்த ஊர். ரயில்நிலையத்துக்குப் பக்கத்தில் ஹார்வி மில் 1890களின் தொடக்கத்திலேயே ஓட ஆரம்பித்துவிட்டது. பிறகு மீனாட்சி மில், பசுமலை மகாலட்சுமி மில், கப்பலூர் தியாகராசர் மில் என்று வந்தன. திருப்பரங்குன்றம் போகிற வழியில் ஹார்விபட்டி என்று பஸ்ஸில் இறங்குகிறோமே, அது மில் தொழிலாளர்களுக்காகக் கட்டிய குடியிருப்பு.

அதே ஹார்வி நிறுவனத்தின் இன்னொரு ஆலைதான் தூத்துக்குடி கோரல் மில். 1908 பிப்ரவரி கடைசியில் அங்கே வேலைநிறுத்தம் தொடங்கியது. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கூடவே நின்றார்கள். மார்ச் முதல் வாரத்திலேயே கூலி உயர்வு, வார விடுமுறை, வேலை நேரக் குறைப்பு என்று நிர்வாகம் இறங்கி வந்தது. சில நாளில் வ.உ.சி. கைதானார். கப்பல் விட்டதை மட்டும் பாடத்தில் படிக்கிறோம். மில்காரர்களுக்காக நின்றதும் அவர் வாழ்க்கையில் அதே அளவு பெரிய விஷயம்.

1918 ஏப்ரல் 27-இல் சென்னையில் மெட்ராஸ் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு ஆகியோர் முன்னின்றார்கள். மதுரையில் மில் தொழிலாளர்களின் அரசியல் பலம் சுதந்திரத்துக்குப் பிறகு வெளிப்படையாகவே தெரிந்தது. 1952 தேர்தலில் கம்யூனிஸ்ட் தலைவர் பி. ராமமூர்த்தி சிறையில் இருந்தபடியே மதுரை வடக்கில் ஜெயித்தார். பிறகு 1970-இல் சி.ஐ.டி.யு. என்ற அகில இந்தியத் தொழிற்சங்க அமைப்பு தொடங்கியபோது அதன் முதல் பொதுச்செயலாளர் ஆனவரும் அவர்தான்.

4. எட்டு மணி நேர வேலை, வார லீவு எல்லாம் அரசாங்கம் கொடுத்ததுதானே?

கையெழுத்துப் போட்டது அரசாங்கம். வருடங்களைப் பாருங்கள். 1922-இல் தொழிற்சாலை வேலை வாரத்துக்கு 60 மணி நேரம் என்று வரம்பு வந்தது. 1934-இல் 54 ஆனது. 1946-இல் 48 ஆனது, அந்த மசோதாவைக் கொண்டுவந்தவர் தொழிலாளர் துறையைப் பார்த்துக்கொண்டிருந்த அம்பேத்கர். ஒவ்வொரு குறைப்புக்கும் முன்னால் பல வருட வேலைநிறுத்தம் இருக்கிறது. சிங்காரவேலர் 1923 மே 1-இல் சென்னையில் மே தினம் கொண்டாடியபோது எட்டு மணி நேரம் என்பது வெறும் கோரிக்கை. அது சட்டமாவதற்கு 23 வருடம் ஆனது.

சங்கம் வைப்பதற்கே கூட அப்போது பாதுகாப்பு கிடையாது. சென்னைப் பின்னி ஆலை விஷயத்தில் வாடியா மேல் நிர்வாகம் நஷ்டஈடு வழக்குப் போட்டது, உயர்நீதிமன்றம் தடை உத்தரவும் கொடுத்தது. ஒன்றாகச் சேர்ந்து வேலையை நிறுத்தச் சொல்வதே குற்றச்சதி மாதிரி பார்க்கப்பட்ட காலம். அந்த வழக்கு கிளப்பிய எதிர்ப்பில் இருந்துதான் 1926-ஆம் ஆண்டு தொழிற்சங்கச் சட்டம் வந்தது.

ரொம்பப் பழைய கதை என்று தோன்றினால் 2023-ஐப் பாருங்கள். ஏப்ரல் 21-இல் தமிழ்நாடு சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நிறைவேறியது. எல்லாக் கட்சிச் சங்கங்களும் எதிர்த்தன, ஆளுங்கட்சியின் சங்கம் உட்பட. பத்து நாளில், மே தினத்தன்று, திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். கொடுத்ததை எடுக்கவும் முடியும். எடுக்காமல் தடுக்க ஆள் வேண்டும்.

5. எல்லாருக்கும் கூலி ஏறினா விலைவாசி ஏறும். அப்புறம் ஊர் எப்படி வளரும்?

என் அப்பாவின் சம்பளக் கவர் போன வழியைச் சொல்கிறேன். மாதம் 7-ஆம் தேதி பழுப்புக் கவரில் வரும். சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு அம்மா தரையில் பிரித்துப் பங்கு போடுவார். மளிகைக்கடை பாக்கி ஒரு பக்கம், ஏலச்சீட்டு ஒரு பக்கம், பள்ளிக்கூடப் பணம் இன்னொரு பக்கம், பால்காரருக்குச் சில்லறை. கவரில் இருந்தது முழுக்க எங்கள் தெருவிலேயே செலவானது. அன்றைக்குச் சாயங்காலம் பலகாரக் கடையில் கூட்டம், சைக்கிள் கடையில் கூட்டம். மளிகைக்கடைக்காரர் எங்களுக்கு மட்டும் யோசிக்காமல் கடன் எழுதுவார். "மில்காரர் வீடு, ஒப்பந்தச் சம்பளம்" என்பது அவருக்குப் போதுமான ஜாமீன்.

கூலி ஏறினால் அதே அளவு விலை ஏறும் என்பது சரியில்லை. ஒரு பொருளின் விலையில் கூலி ஒரு பகுதிதான். பஞ்சு, மின்சாரம், வட்டி, வாடகை, இடைத்தரகு, லாபம் எல்லாம் அதில் இருக்கின்றன. கூலி ஏறுவதில் ஒரு பங்கு லாபத்திலிருந்து வரும், ஒரு பங்கு நல்ல மெஷினும் பழகிய கையும் சேர்ந்து உற்பத்தியைக் கூட்டுவதால் வரும். மலிவாக ஆள் கிடைக்கும்வரை பழைய மெஷினை மாற்றுவதற்கு யாருக்கும் அவசரம் இருக்காது. நிரந்தரமாக இருப்பவருக்குத்தான் தொழில் கற்றுக்கொடுக்கவும் மனசு வரும். தமிழ்நாட்டின் 1981-ஆம் ஆண்டுச் சட்டம் 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்கச் சொல்கிறது. நிறையப் பேருக்கு இப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது.

ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். ஊரில் ஒரே ஒரு சின்னப் பட்டறைக்கு மட்டும் கூலி ஏறி, பக்கத்துப் பட்டறையில் ஏறாவிட்டால், முதல் பட்டறை அடிபடும். அதனால்தான் தனித்தனியாக இல்லாமல் தொழில் முழுவதுக்கும் ஒரே கூலி பேசுவதும், குறைந்தபட்சக் கூலியை அரசு அறிவிக்க வைப்பதும் முக்கியம்.

6. சமூக முன்னேற்றம்னு சொல்றீங்க. சங்கம் சாதியை ஒழிச்சிருச்சா?

ஒழிக்கவில்லை. சில இடத்தில் அசைத்தது, சில இடத்தில் அதனிடம் தோற்றது. தோற்றதை முதலில் சொல்ல வேண்டும். 1921-இல் பின்னி ஆலைத் தொழிலாளர்களின் நீண்ட வேலைநிறுத்தம் சாதியால் உடைந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் வேலைக்குத் திரும்பினார்கள், மற்றவர்கள் வெளியே நின்றார்கள். புளியந்தோப்பில் கலவரம் வந்தது, உயிர்கள் போயின. ஏற்கெனவே தங்களைத் தள்ளி வைத்திருந்தவர்கள் திடீரென்று "சேர்ந்து நில்லுங்கள்" என்றபோது அந்த மக்கள் ஏன் நம்ப வேண்டும் என்ற கேள்விக்கு அன்றைய சங்கத்திடம் பதில் இல்லை. நூறு வருடம் கழித்தும் துப்புரவுத் தொழிலாளர்கள் விஷயத்தில் பல பெரிய சங்கங்களிடம் பதில் இல்லை என்பது என் எண்ணம்.

அசைத்த இடத்தையும் சொல்கிறேன். 250 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் கேன்டீன் வைக்க 1948 தொழிற்சாலைச் சட்டம் வழி செய்தது. அப்பாவோடு வேலை பார்த்த ஒருவர் ஊரில் டீக்கடைக்கு வெளியே, தனிக் குவளையில் குடித்து வளர்ந்தவர். மில் கேன்டீனில் எல்லோருக்கும் ஒரே தம்ளர், ஒரே பெஞ்சு. முதல் ஒரு மாதம் அவர் நின்றுகொண்டே குடித்தாராம். ஒருநாள் சங்கச் செயலாளர் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறார். அதற்கப்புறம் அவர் ஷிப்ட் பிரதிநிதியாகவே ஆனார் என்று அப்பா சொல்லுவார். ஊருக்குப் போனால் மறுபடி அதே குவளைதான். ஆனால் அவருடைய பிள்ளைகள் அந்த டீக்கடைக்குப் போக வேண்டிய தேவை இல்லாமல் டவுனில் படித்தார்கள்.

7. பொம்பளைப் பிள்ளைகளுக்கு இதுல என்ன இருக்கு? சங்கத்துல எல்லாம் ஆம்பளைங்கதானே?

நீண்ட காலம் அப்படித்தான். பெயர் சொல்லத்தக்க விதிவிலக்கு மதுரையின் கே.பி. ஜானகி அம்மாள். நாடக மேடையில் பாடி நடித்தவர், விடுதலைப் போராட்டத்தில் சிறை போனவர், 1967-இல் மதுரை கிழக்கில் ஜெயித்தவர். ஆனால் ஒருவரைக் காட்டிப் பெருமைப்படுவதில் அர்த்தமில்லை.

பக்கத்து மாவட்டங்களில் நடந்ததைப் பாருங்கள். திண்டுக்கல், விருதுநகர், தேனிப் பக்கத்து நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் இளம்பெண்களை மூன்று வருடத்துக்கு எடுத்து, விடுதியில் வைத்து, கடைசியில் கல்யாணத்துக்கு ஒரு தொகை என்றார்கள். அந்தத் தொகை அவர்களுடைய சம்பளத்திலிருந்தே பிடித்து வைத்ததுதான். நடுவில் உடம்புக்கு முடியாமல் போனால் அதுவும் கிடைக்காது. விடுதிக்குள் இருப்பவர்களிடம் வெளியாள் பேச முடியாது, அவர்களும் வெளியே வர முடியாது. சங்கம் நுழையாமல் இருக்க அதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

2021 ஜனவரியில் திண்டுக்கல் பக்கம் ஏற்றுமதித் துணி ஆலையில் வேலை பார்த்த தலித் இளம்பெண் ஒருவரை மேற்பார்வையாளர் கொலை செய்தார். தலித் பெண்கள் தலைமையில் இருந்த தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் அதை விடவில்லை. 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆலை நிர்வாகம் மட்டுமில்லாமல், துணி வாங்குகிற எச் அண்ட் எம் நிறுவனமும் கட்டுப்பட வேண்டும் என்பதுதான் அதில் புதுசு. பயிற்சி பெற்ற பெண் தொழிலாளர்களே தளத்தில் கண்காணிப்பாளர்களாக இருந்து, தொந்தரவு நடந்தால் புகாரைக் கொண்டுபோகலாம். பழிவாங்கினால் ஆர்டர் போகும். எங்கேயோ ஐரோப்பாவில் தொங்கும் சட்டைக்கும் வேடசந்தூர்ப் பக்கத்துப் பெண்ணின் பாதுகாப்புக்கும் எழுத்தில் ஒரு முடிச்சு போட்டார்கள். மாநிலத்தில் இதுபோல் இன்னும் நூறு ஆலைக்கு வர வேண்டும்.

8. நான் சித்தாள். காளவாசல்ல நிக்கிறேன், யார் கூப்பிட்டாலும் போறேன். முதலாளியே தினம் மாறுறாரு. எனக்கு எதுக்குச் சங்கம்?

முதலாளி மாறுவதால்தான். ஒப்பந்தம் போட ஒரு ஆள் இல்லை என்றபோது கட்டடத் தொழிலாளர்கள் அரசைப் பார்த்துக் கேட்டார்கள். அதில் வந்தது 1982-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம். அதன் கீழ் 1994-இல் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் வந்தது. மத்திய அரசின் சட்டம் 1996-இல்தான் வந்தது. கட்டடச் செலவில் ஒரு சதவீதம் நலவரியாக வாரியத்துக்குப் போகிறது. மாட்டுத்தாவணிப் பக்கம் எழும்புகிற ஒவ்வொரு மாடியிலும் உங்களுக்கு ஒரு பங்கு ஏற்கெனவே கட்டப்பட்டிருக்கிறது, அட்டை இருந்தால்தான் கேட்க முடியும்.

பிள்ளைகளின் படிப்பு உதவி, கல்யாணம், பிரசவம், விபத்து, இறப்பு, 60 வயதுக்குப் பிறகு ஓய்வூதியம் எல்லாம் இதில் இருக்கின்றன. பதிவு இலவசம். புதுப்பிக்க மறக்காதீர்கள், நான் பார்க்கும் நிராகரிப்புகளில் பாதி அதனால்தான். ஓய்வூதியம் போதாது என்று திட்டுகிறீர்கள், நியாயம்தான். அதை ஏற்றக் கேட்பதற்கும் தனியாகப் போக முடியாது (2-ஆம் கேள்வி).

9. சங்கம் வந்துதான் மதுரை மில்லெல்லாம் மூடுச்சுன்னு எங்க சித்தப்பாவே சொல்றாரு. அவரே மில்காரர்.

உங்கள் சித்தப்பாவின் வலி எனக்குப் புரியும். என் அப்பாவும் கதவு மூடிய பிறகு பணிக்கொடைக்காக அலைந்தவர். வருடத்துக்கு 15 நாள் சம்பளம் என்று சட்டத்தில் தெளிவாக இருந்தும் அவர் கைக்கு வர மூன்று வருடம் ஆனது. ஆனால் காரணத்தைத் தேடும்போது ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளக் கூடாது.

நெசவு பெரிய ஆலைகளிலிருந்து விசைத்தறிக்குப் போனது, நாடு முழுக்க நடந்தது. பஞ்சு விலை ஏறும்போது நூல் விலை கூடவே ஏறாது, நடுவில் ஆலை நசுங்கும். மின்வெட்டு வேறு. நகரத்துக்கு நடுவில் இருந்த ஆலை நிலத்தின் விலை, நூலில் வரும் லாபத்தைவிடப் பல மடங்கு ஏறியது. சம்பாதித்த காலத்தில் நூல் நூற்கும் கதிர்களைப் புதுப்பிக்காத ஆலைகள், புது மெஷின் போட்ட சின்ன ஆலைகளோடு ஓட முடியவில்லை. அந்தச் சின்ன ஆலைகள் பலவற்றில் யார் வேலை பார்த்தார்கள் என்பதை 7-ஆம் பதிலில் சொன்னேன். மலிவான கூலிதான் ஒரு ஆலையை மூடி இன்னொன்றைத் திறந்தது என்றால், எல்லா ஆலையிலும் சங்கம் இல்லாததுதான் பிரச்சினை.

இன்னொரு பக்கம் பாருங்கள். தொழிற்சாலைகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாடு. இந்தியாவில் தொழிற்சாலை வேலைக்குப் போகும் பெண்களில் 40 சதவீதத்துக்கு மேல் இந்த மாநிலத்தில்தான். நூறு வருடத்துக்கும் மேலாகச் சங்கம் இருக்கிற மாநிலமும் இதுதான். சங்கம் தொழிலை விரட்டும் என்றால் இந்தக் கணக்கு எப்படி வரும்?

10. அப்ப சங்கத்து மேல தப்பே கிடையாதா?

இருக்கிறது. பம்பாயில் 1982 ஜனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய ஆலை வேலைநிறுத்தத்தில் சுமார் இரண்டரை லட்சம் பேர் இறங்கினார்கள். முறையாக முடித்து வைக்கப்படாமலே அது கரைந்தது. நிறைய ஆலைகள் மறுபடி திறக்கவில்லை. கோரிக்கை நியாயமாக இருந்தும், திரும்பி வரும் வழியை யோசிக்காமல் உள்ளே போனால் என்ன ஆகும் என்பதற்கு அது பாடம்.

நம் ஊரில் எனக்கு இருக்கும் குறைகள் வேறு. ஒரே ஆலையில் கட்சிக்கு ஒரு சங்கம், ஐந்து கொடிக்கம்பம். நிர்வாகம் யாரோடு பேசுவது என்று கேட்டால் பதில் இல்லை. நிரந்தரத் தொழிலாளி ஒப்பந்தத்துக்காகப் போராடுவார், பக்கத்தில் அதே வேலையைப் பாதிக் கூலிக்குச் செய்யும் காண்ட்ராக்ட் ஆளைப் பார்க்க மாட்டார். அந்தப் பாராமுகம்தான் சங்கத்தை உள்ளிருந்து அரித்தது. கணக்குக் காட்டாத தலைவர்களும் உண்டு. வருடக் கணக்கைக் கேட்பது உறுப்பினரின் உரிமை. கேளுங்கள்.

11. சங்கம் வச்சா வேலையை விட்டுத் தூக்கிருவாங்களே, அதுக்கு என்ன சொல்றீங்க?

பயம் பொய்யில்லை. என் பெரியப்பா மகன் ஒரு பட்டறையில் சங்கப் படிவத்தில் கையெழுத்துப் போட்ட மறுவாரமே நிரந்தர நைட் ஷிப்டுக்கு மாற்றப்பட்டான். சங்கத்தில் சேர்ந்ததற்காகப் பழிவாங்குவது சட்டப்படி நியாயமற்ற தொழில் நடவடிக்கை. ஆனால் அதை நிரூபிக்கக் காகிதம் வேண்டும். அடையாள அட்டை நகல், சம்பளச் சீட்டு, வருகைப் பதிவு, மாற்றல் உத்தரவு எல்லாவற்றையும் வீட்டில் வையுங்கள், வேலை இடத்து லாக்கரில் வேண்டாம். அவனிடம் இருந்தது. சமரச அதிகாரி முன்னால் அந்த உத்தரவை எடுத்து வைத்தபோது நிர்வாகத்தின் ஆள் அதைப் படித்துக்கொண்டே இருந்தாராம். அடுத்த மாதம் பழைய ஷிப்ட் கிடைத்தது.

பதிவுக்கு விண்ணப்பிக்க ஏழு பேர் போதும். ஆனால் அந்த இடத்தில் வேலை செய்பவர்களில் 10 சதவீதம் அல்லது 100 பேர், இதில் எது குறைவோ அத்தனை பேர் உறுப்பினராக இருக்க வேண்டும், ஏழுக்குக் குறையக் கூடாது. ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில் 2024-இல் 37 நாள் வேலைநிறுத்தம் நடந்ததன் மையக் கோரிக்கையே சங்கத்தை ஏற்க வேண்டும் என்பதுதான். 2025 ஜனவரியில் பதிவு கிடைத்தது.

புது விஷயம் ஒன்றும் தெரிந்திருக்க வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் பழைய 29 சட்டங்களுக்குப் பதிலாக நான்கு தொகுப்புச் சட்டங்களை ஒன்றிய அரசு அமலுக்குக் கொண்டுவந்தது. அதன்படி எந்த நிறுவனத்திலும் 14 நாள் முன்னறிவிப்பு இல்லாமல் வேலைநிறுத்தம் செய்யக் கூடாது. பாதிப் பேரோ அதற்கு மேலோ ஒரே நாளில் கூட்டாக லீவு போட்டாலும் வேலைநிறுத்தம்தான். பல சங்கம் இருந்தால், தொழிலாளர்களில் 51 சதவீதம் பேரை உறுப்பினராகக் கொண்ட சங்கமே நிர்வாகத்தோடு பேசும் சங்கம். முதலிரண்டும் தொழிலாளியின் கையைக் கட்டுகின்றன. மூன்றாவது, 10-இல் சொன்ன ஐந்து கொடிக்கம்பப் பிரச்சினையை நம்மையே தீர்க்கச் சொல்கிறது.

12. கவர்மெண்டு வேலைக்காரங்க ஸ்டிரைக் பண்ணலாமா?

சங்கம் அமைப்பது அரசியல் சட்டம் 19-ஆம் பிரிவு தரும் அடிப்படை உரிமை. வேலைநிறுத்தம் அடிப்படை உரிமை இல்லை. 2003-இல் தமிழ்நாட்டில் ஒன்றே முக்கால் லட்சம் பேர் வரை வேலைநீக்கம் செய்யப்பட்ட வழக்கில், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெரும்பாலோர் பிறகு வேலைக்குத் திரும்பினார்கள். அந்தத் தீர்ப்போடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் சட்டம் இன்று அதுதான்.

13. சாப்பாடு டெலிவரி ஓட்டுற பையன் தொழிலாளியா? ஆப்புல 'பார்ட்னர்'னு போட்டிருக்கே.

பங்குதாரருக்கு லாபத்தில் பங்கு வர வேண்டும், இவருக்கு வருவது ஆர்டருக்கு இவ்வளவு என்ற கூலி. அதையும் அவரைக் கேட்காமலே மாற்றுகிறார்கள். அவர் தொழிலாளிதான். 2023-இல் தமிழ்நாடு அரசு இவர்களுக்கென்று தனி நலவாரியம் அமைத்தது. கட்டடத் தொழிலாளிக்கு 8-இல் சொன்ன அதே பாதை, முதலாளி கண்ணுக்குத் தெரியாதபோது வாரியம். வெயிலில் நிற்கும் இடத்துக்கு நிழலும் கழிப்பறையும் கேட்பதில் தொடங்குங்கள்.

14. சேராதவனுக்கும்தான் கூலி ஏறுது. அப்ப நான் மட்டும் எதுக்குச் சந்தா கட்டணும்?

நேர்மையான கேள்வி. ஒப்பந்தம் போட்டால் எல்லோருக்கும் ஏறும், அது உண்மை. எட்டு மணி நேரமும் வார விடுமுறையும் மதுரையில் பிறக்காத பிள்ளைக்கும் கிடைத்தன, அவன் எந்தச் சந்தாவும் கட்டவில்லை. சங்கம் ஊர் வளர்ச்சிக்குச் செய்தது என்ன என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன், வாங்கிய எதையும் உறுப்பினருக்கு மட்டும் என்று பூட்டி வைக்க முடியவில்லை. ஆனால் உடைந்த கண்மாய்க் கரையை யார் அடைத்தாலும் எல்லா வயலுக்கும்தான் தண்ணீர் கிடைக்கும் என்று எல்லோரும் வீட்டில் இருந்தால் மண் கொட்ட யார் போவது? கிராமத்தில் ஊரே சேர்ந்து கண்மாயைப் பராமரிக்கும் குடிமராமத்துக்கு வீட்டுக்கு ஓர் ஆள் வந்தது இந்தக் கணக்கில்தான்.

15. எங்க ஜவுளிக்கடையில ஸ்டூல் போட்டுட்டாங்க. ஆனா உட்கார்ந்தா சூப்பர்வைசர் முறைக்கிறாரு. என்ன செய்யறது?

விளக்குத்தூண் பக்கத்துக் கடையில் வேலை பார்க்கும் தங்கச்சி கேட்டது. காலை ஒன்பதரைக்கு நிற்க ஆரம்பித்து ராத்திரி ஒன்பதரைக்குக் காலைத் தூக்க முடியாமல் பஸ் ஏறுகிறவர். கணுக்காலில் நரம்பு சுருண்டு நீலமாகத் தெரிகிறது, வயது இருபத்து நாலு. கேரளத்தில் கடைப் பெண்கள் வருடக்கணக்கில் போராடியதால் 2018-இல் அங்கே உட்காரும் உரிமை சட்டமானது. அதைப் பார்த்து 2021-இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவைச் சேர்த்தது. வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார எல்லா ஊழியருக்கும் இருக்கை இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. ஸ்டூலை மட்டும் போட்டு உட்கார விடாமல் இருந்தால் சட்டத்துக்குப் பணிந்ததாக ஆகாது.

நீங்கள் ஒருத்தி உட்கார்ந்தால் "திமிர்" என்பார்கள். உங்கள் செக்‌ஷனில் ஆறு பேர் என்றீர்கள். ஆறு பேரும் முதலில் டிபன் சாப்பிடும் நேரத்தில் பேசி முடிவு செய்யுங்கள். வாடிக்கையாளர் இல்லாத நேரம் முறை வைத்து இரண்டிரண்டு பேராக உட்காருங்கள், முறைத்தாலும் எழுந்திருக்காதீர்கள், எதிர்த்தும் பேசாதீர்கள். யாரையாவது தனியாகக் கூப்பிட்டால் ஆறு பேரும் போங்கள். எந்தத் தேதி, யார், என்ன சொன்னார் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள் (11-ஆம் கேள்வி). அதற்கும் அடங்கவில்லை என்றால் அந்த நோட்டோடு ஞாயிற்றுக்கிழமை மாடிக்கு வாருங்கள், தொழிலாளர் துறைக்கு மனு எழுதுவோம். ஆறு கையெழுத்தும் இருக்கட்டும்.